நஞ்சுக்கும் மருந்துக்கும் தமிழ் வேண்டும்

தயிரைத் தயிர் என்று எழுதுவதற்கும் தமிழர் போராட வேண்டியிருந்தது. 2023 மார்ச்சுத் திங்களில், இந்திய உணவுப் பாதுகாப்பு, தரநிலை ஆணையம், தயிர் உறைகளின்மேல் ‘தகி’ என்னும் இந்திச் சொல்லே முதன்மையாக நிற்க வேண்டும் என்றும், அவ்வம் மாநிலத்தார் வழங்கும் சொல்லைப் பிறைக்கோட்டுக்குள் ஒடுக்கிக்கொள்ளலாம் என்றும் பாற்கூட்டுறவு நிறுவனங்களைப் பணித்தது. தமிழ்நாட்டு ஆவின் அதற்கு இணங்கவில்லை. தமிழ்நாட்டு முதலமைச்சர் வெளிப்படையாகக் கண்டித்தார். கருநாடகத்திலும் எதிர்ப்புக் கிளர்ந்தது. அத்திங்கள் 30ஆம் நாளே ஆணையம் தன் ஆணையைத் திருத்திக்கொண்டது; ஆங்கிலப் பெயரை அடுத்துத் தயிர் என்றோ, மொசரு என்றோ, பெருகு என்றோ அவரவர் மொழிச்சொல்லை எழுதிக்கொள்ளலாம் என்று இசைந்தது.

அது வெற்றியே, மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்வெற்றியின் நீளமும் அகலமும் எவ்வளவு என்று அறிய விரும்புவோர், தமிழ்நாட்டுக் கடையொன்றில் விற்கும் பொதிகளுள் எதையேனும் எடுத்துப் பின்புறம் திருப்பிப் பார்த்தல் போதும். முன்புறத்தில் விற்பனைக்காகத் தமிழ் சிரிக்கும். பின்புறத்தில் உயிர்க்காப்புக்காக எழுதப்பெற்ற செய்திகளில் தமிழ் பெரும்பாலும் இராது. எந்நாள் செய்தது, எந்நாள் வரை உண்ணத்தக்கது, உள்ளே என்னென்ன கலந்துள்ளன, யாருக்கு ஆகாது, கண்ணில் பட்டால் என் செய்வது, குழந்தை விழுங்கிவிட்டால் என் செய்வது என்பனவெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். சிலவற்றில் இந்தியிலும் இருக்கும். ஆக, காசைப் பறிப்பதற்குத் தமிழ் வேண்டும். உயிரைக் காப்பதற்குத் தமிழ் வேண்டா! இதுதான் இன்றுள்ள நிலை.

இந்நிலைக்கு ஆலை முதலாளிகளின் பொருட்படுத்தாமை மட்டும் கரணியம் அன்று. சட்டமே அவர்களுக்கு இக்கதவைத் திறந்து வைத்திருக்கின்றது. பொதியிட்ட பண்டங்களுக்காக 2011ஆம் ஆண்டில் இந்திய அரசு வகுத்த எடையளவைச் சட்ட விதிகள், பொதியின்மேல் அறிவிக்க வேண்டுவனவற்றைத் தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ ஆங்கிலத்திலோ அறிவித்தல் வேண்டும் என்று கூறுகின்றன. உணவுப் பொதிகளுக்காக 2020ஆம் ஆண்டில் வந்த விதிகளும் அவ்வாறே கூறுகின்றன. அவற்றோடு வேறு மொழியையும் சேர்த்துக்கொள்வதற்குத் தடையில்லை என்று ஓர் ஒட்டும் இருக்கின்றது. ‘தடையில்லை’ என்பதன் பொருளை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் கட்டாயம், தமிழுக்கு இசைவு. அவ்விரண்டும் வீட்டுக்காரர், தமிழ் திண்ணையில் படுத்துக்கொள்ளலாம். தமிழ் எழுதாத முதலாளியை எந்த அலுவலரும் கேட்க முடியாது. ஏனெனில் அவன் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை.

இதன் விளைவு என்ன? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். எத்தனையோ தலைமுறைகளின் உழைப்பால், திண்ணைப் பள்ளி முதல் நண்பகலுணவுப் பள்ளி வரை பாடுபட்டு எய்திய நிலை இது. அவ்வெழுத்தறிவு பெரும்பாலும் தமிழெழுத்தறிவே. நாளிதழ் படிக்கின்ற உழவரும், பேருந்தின் ஊர்ப்பெயர் படிக்கின்ற கூலித் தொழிலாளியும், பிள்ளைக்குப் பாடஞ்சொல்லித் தருகின்ற தாயும், ஒரு மருந்துப் புட்டியைக் கையில் எடுத்த அந்நொடியிலேயே எழுத்தறியாதவர்களாக ஆக்கப்படுகின்றனர். படிக்கத் தெரிந்தவனைப் படிக்கத் தெரியாதவனாக மாற்றும் அரிய வித்தையை இந்திய அரசின் இரண்டு வரி விதி செய்துவிடுகின்றது.

‘இது மொழிவெறியரின் கூக்குரல், தொழிலாக்கத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையில் மொழியை ஏன் இழுக்கின்றீர்?’ என்று கேட்போர் உளர். பாதுகாப்புச் சட்டங்கள் எவ்வாறு பிறந்தன என்பதை அறிந்தவர் அவ்வாறு கேளார். 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு மருந்தைக் கரைப்பதற்கு டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு நீர்மத்தைப் பயன்படுத்தினர். நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் குழந்தைகள் பலர். அடுத்த ஆண்டே, விற்பனைக்கு வருமுன் மருந்தின் தீங்கின்மையை மெய்ப்பிக்க வேண்டும் என்ற சட்டம் அங்கு வந்தது. 1957இல் செருமனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் மருந்தைச் சூல்கொண்ட மகளிர் உட்கொண்டனர். உலகெங்கும் பல்லாயிரம் குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தன. அம்மருந்துக்கு இசைவளிக்க அமெரிக்க அரசின் ஆய்வலுவலர் பிரான்சிசு கெல்சி என்னும் அம்மையார் மறுத்து நின்றமையால், அந்நாடு பெருங்கேட்டினின்று தப்பியது. 1962இல் அங்குச் சட்டம் மேலும் இறுகியது. தொழில் முதலாளி தானாக விரும்பி ஏற்றுக்கொண்ட பாதுகாப்பு உலகில் மிகக் குறைவு. ஒவ்வொரு விதிக்கும் அடியில் ஒரு புதைகுழி உண்டு.

இந்தியத் துணைக்கண்டத்தின் பெரும் புதைகுழி போபால். 1984 திசம்பர் 2ஆம் நாளிரவு அந்நகரத்துப் பூச்சிக்கொல்லி ஆலையினின்று மீத்தைல் ஐசோசயனேட்டு என்னும் நச்சுவளி கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்றது. 1989இல் 47 கோடி தாலருக்கு வழக்கு முடித்துவைக்கப்பட்டது. ஆலையின் இந்திய அலுவலர்க்கு இரண்டாண்டுச் சிறை என்று 2010இல்தான் தீர்ப்பு வந்தது. அவ்வாலையைப் பற்றிய ஆய்வுரைகள் சுட்டிய பல குறைகளுள் ஒன்று, இயக்குமுறை நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன என்பதும், அங்கு உழைத்த தொழிலாளருட் பலர் ஆங்கிலம் அறியாதவர் என்பதும் ஆகும். குளிரூட்டும் பொறி நிறுத்தப்பட்டிருந்ததும், காப்புக் கருவிகள் பழுதுற்றிருந்ததும் பெருங் கரணியங்கள் என்பது உண்மையே. எனினும், நஞ்சோடு நாள்தோறும் புழங்கிய தொழிலாளிக்கு அந்நஞ்சைப் பற்றிய அறிவு அவன் தாய்மொழியில் தரப்படவில்லை என்பதும் உண்மை. இந்தி பேசும் நிலத்திலேயே இந்தித் தொழிலாளிக்கு நேர்ந்த கொடுமை இது. ஆகவே இது தமிழர்க்கு மட்டுமான முறையீடு அன்று. உழைப்பவன் மொழியை மதிக்காத எந்த ஆட்சியின் மேலும், எந்த முதலாளியின் மேலும் வைக்கப்படும் குற்றச்சாட்டு.

தொலைவில் நிகழ்ந்தவற்றைச் சொல்லிவிட்டு அண்மையில் நிகழ்ந்ததை மறைத்தல் நேர்மையாகாது. 2025ஆம் ஆண்டு செப்டம்பர், அத்தோபர்த் திங்கள்களில் மத்தியப்பிரதேசத்துச் சிந்துவாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த இருபதுக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் சிறுநீரகம் செயலற்று மாண்டனர். அம்மருந்து செய்யப்பட்ட இடம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்ச்சத்திரம். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அம்மருந்தை ஆய்ந்தபோது, நூற்றுக்கு 48.6 பங்கு டை எத்திலீன் கிளைக்கால் இருந்தது தெரியவந்தது. இருக்கத்தக்க உச்ச அளவோ 0.1 பங்கு. 1937இல் அமெரிக்கக் குழந்தைகளைக் கொன்ற அதே நஞ்சு! 1970களின் தொடக்கத்தில் சென்னையிலேயே குழந்தைகளைக் கொன்ற அதே நஞ்சு! மருந்தைக் கரைப்பதற்குரிய தூய கரைப்பானுக்கு மாற்றாகத் தொழிற்சாலைத் தரத்து மலிவுப் பொருள் நுழைவதும், வந்த பொருளை ஆய்ந்து பார்க்காமல் கொப்பரையில் ஊற்றுவதும் இக்கேட்டின் வழக்கமான வழி. நிகழ்ந்த பின்னர் ஆலை மூடப்பட்டது, உரிமம் நீக்கப்பட்டது, உரிமையாளர் தளைப்படுத்தப்பட்டார். மாண்ட குழந்தைகள் மீளவில்லை.

இங்கு ஓர் உண்மையைத் தமிழ்ப்பற்றாளர் துணிந்து ஏற்றல் வேண்டும். அப்புட்டியின்மேல் தூய தமிழிலோ தூய இந்தியிலோ எவ்வளவு எழுதியிருந்தாலும் அக்குழந்தைகள் பிழைத்திரார். தன் மருந்தில் நஞ்சு கலந்திருப்பதை எந்த ஆலையும் உறையில் எழுதுவதில்லை. அங்குத் தவறியது எழுத்தன்று, ஆய்வு. 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டப்படி, மருந்தாலைக்கு உரிமம் வழங்குவதும், அதனுள் புகுந்து ஆய்வதும் பெரும்பாலும் மாநில அரசின் கடமை. தில்லியைக் குறைகூறும் வாய், தன் வீட்டு வாயிலைக் காவாத குற்றத்தையும் சொல்லுதல் வேண்டும். தமிழ்நாட்டு மண்ணில் செய்த மருந்து, முன்பின் அறியாத ஓர் ஏழைத் தாயின் மடியைக் காலியாக்கியது என்பது தமிழர்க்குத் தலைகுனிவு. உரிமை கேட்கும் இனம் பொறுப்பையும் உடன் கேட்டல் வேண்டும். மருந்தாலையை ஆய்வதற்கு ஆளில்லை என்று சொல்லும் மாநிலம், மருந்துக்குச் சட்டம் இயற்றும் உரிமையைக் கேட்டால் எவரும் நகைப்பர்.

ஆயின், எழுத்தால் காக்கக்கூடிய உயிர்களும் உண்டு. அவற்றையும் காக்கவில்லை என்பதே இங்குள்ள வழக்கு. 2023 திசம்பரில், குழந்தைகளின் தடுமத்துக்குத் தரப்படும் மருந்துக் கலவை ஒன்றை நான்கு அகவைக்குட்பட்டவர்க்குத் தரலாகாது என்று உறையின்மேல் அச்சிடுமாறு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர் ஆணையிட்டார். நல்ல ஆணை, தேவையான ஆணை. ஆனால் அச்சிட வேண்டிய தொடரை ஆணை ஆங்கிலத்தில் தந்தது. இரவு பத்து மணிக்கு இருமும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மருத்துவரில்லாத சிற்றூரில், சென்ற திங்கள் அண்டை வீட்டார் வாங்கிய புட்டியைக் கடன் வாங்கும் தாய்க்கு அத்தொடர் எழுதப்பட்டதா? அவளுக்காக எழுதப்படவில்லை எனில் யாருக்காக எழுதப்பட்டது? மருத்துவருக்கு அது முன்பே தெரியும். மருந்து வணிகருக்கும் தெரியும். தெரியாதவளுக்குத் தெரியாத மொழியில் எழுதிவிட்டு, ‘எழுதிவிட்டோம்’ என்று கணக்குக் காட்டுவது காப்பன்று, கைகழுவல்.

தாய்மொழியில் எழுதச் செய்தல் இயலாத செயலும் அன்று. இதே இந்திய அரசு, 1971ஆம் ஆண்டிலேயே பூச்சிக்கொல்லி விதிகளை வகுத்தபோது, பூச்சிக்கொல்லியின் உறையெழுத்தும் உள்வைக்கும் தாளும் இந்தி, ஆங்கிலத்தோடு, விற்கப்படும் நிலப்பகுதியில் வழங்கும் ஓரிரு மொழிகளிலும் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. படிக்க இயலாதவர்க்காக நிறக்குறியும் வகுத்தது: கொடிய நஞ்சுக்குச் சிவப்பு, அதனிற் குறைந்ததற்கு மஞ்சள், அதனிற் குறைந்ததற்கு நீலம், மிகக் குறைந்ததற்குப் பச்சை. ஐம்பதாண்டுகளுக்கு முன்பே உழவனின் மொழி சட்டத்தில் ஏறிவிட்டது. ஆனால் நடைமுறை என்ன? பல மொழிகளை ஒரே தாளில் நெருக்கி, எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் அடித்து, எட்டாக மடித்துப் பெட்டிக்குள் திணித்துவிட்டால் விதி நிறைவேறிவிடுகின்றது. வயலில் தெளிப்பவன் கையிலோ புட்டி இருக்கின்றது. தாள் கடையின் குப்பையில் கிடக்கின்றது. பச்சை நிறம் கண்டு, ‘இது பயிருக்குரிய பச்சை, தீங்கில்லை’ என்று கருதுவோரும் உண்டு, அந்நிறத்தின் பொருளை அவர்க்கு எவரும் சொல்லவில்லை. 2017இல் மகாராட்டிரத்து யவத்துமால் மாவட்டத்தில் பூச்சிக்கொல்லி தெளித்த உழவரும் கூலியாளரும் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விதி இருந்தும் மாண்டனர். ஆதலின் விதி இருத்தல் மட்டும் போதாது. அது கண்ணுக்குத் தெரிதலும் கருத்துக்கு எட்டுதலும் வேண்டும்.

புகையிலைப் பொதிகளைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம், பொதியின்மேல் எம்மொழியில் பெயர் எழுதப்படுகின்றதோ அம்மொழியில் எச்சரிக்கையும் இருக்க வேண்டும் என்கின்றது. பெயரை ஆங்கிலத்தில் எழுதுபவன் எச்சரிக்கையையும் ஆங்கிலத்தில் எழுதித் தப்பலாம். எச்சரிக்கையின் மொழியை விற்பவனே தேர்ந்துகொள்கின்றான்! ஆனால் 2009 மே 31 முதல் படத்தாலான எச்சரிக்கை வந்தது. 2016இல் அது பொதியின் முகப்பில் நூற்றுக்கு 85 பங்காக விரிந்தது. புகையிலை முதலாளிகள் அதனை ஒப்பினரா? வழக்குமன்றம் வரை சென்று எதிர்த்தனர். ஏன் எதிர்த்தனர்? படம் எல்லார்க்கும் புரிந்தது என்பதற்காகவே எதிர்த்தனர். புரியும் எச்சரிக்கையைத்தான் வணிகன் அஞ்சுகின்றான். புரியாத எச்சரிக்கையை அவன் மகிழ்ச்சியோடு அச்சிடுகின்றான்.

இன்னும் ஒன்று. மக்களின் சொந்தச் செய்திகளைத் திரட்டும் கணிப்பொறி, கைப்பேசி நிறுவனங்களைக் கட்டுப்படுத்த 2023இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, ஒருவரின் செய்திகளைப் பெறுமுன் நிறுவனம் தரவேண்டிய அறிவிப்பை, ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படித்துக்கொள்ளும் வாய்ப்பை அவருக்கு அளித்தல் வேண்டும். 2025 நவம்பரில் விதிகளும் வெளிவந்தன; கடமைகள் படிப்படியாகச் செயலுக்கு வரவுள்ளன. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒருவரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எடுப்பதற்கு அவர் மொழியில் சொல்ல வேண்டும் என்று உணர்ந்த அரசு, அவர் வாய்க்குள் செல்லும் மருந்தையும், அவர் பிள்ளை உண்ணும் உணவையும் பற்றி அவர் மொழியில் சொல்ல வேண்டும் என்று உணராதது ஏன்? எண்ணுக்கு 22 மொழி. உயிருக்கு இரண்டே மொழியா?

முதலாளிகள் சொல்லும் சாட்டுகள் மூன்று. உறையில் இடமில்லை என்பது ஒன்று. செலவு மிகும் என்பது மற்றொன்று. மாநிலந்தோறும் வேறு வேறு உறை அச்சிட்டால் வணிகம் குலையும் என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் உலகமே விடை சொல்லியிருக்கின்றது. கனடாவின் கியூபெக்கு மாநிலம் 1977இல் இயற்றிய மொழிச் சட்டம், அங்கு விற்கும் பொருளின் உறையிலும் பயன்முறைத் தாளிலும் பிரெஞ்சு கட்டாயம் இருக்க வேண்டும். வேறெம்மொழியும் அதனை விஞ்சி நிற்கலாகாது என்று விதித்தது. 2021இல் கியூபெக்கின் மக்கள் ஏறத்தாழ 85 இலக்கம் பேர். தமிழ்நாட்டின் மக்களோ 2011இலேயே 7 கோடியே 21 இலக்கம் பேர். எட்டில் ஒரு பங்கு மக்களுக்காக உலகப் பெருநிறுவனங்கள் தனி உறை அச்சிட்டன, வணிகம் குலையவில்லை. பிரான்சு 1994இல் அதுபோன்ற சட்டம் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல், கட்டாயமான உணவுச் செய்திகள் விற்கப்படும் நாட்டு மக்களுக்கு எளிதில் விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. அங்கெல்லாம் இடம் கண்டறிந்த அதே நிறுவனங்களுக்கு இங்கு மட்டும் இடமில்லையாம்! நடிகையின் படத்துக்கு உள்ள இடம், நஞ்சு முறிக்கும் வழிக்கு இல்லையாம்!

தமிழுக்கு இது புதுப்பழக்கமும் அன்று. எகித்து நாட்டுச் செங்கடற்கரைத் துறைமுகமான குவைசிர் அல் கதீமில், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பானையோடு ஒன்று கிடைத்தது. அதன்மேல் பானையையும் உறியையும் குறிக்கும் தமிழ்ச்சொற்கள் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தன. தாய்லாந்தில் குவான் லுக் பாட்டு என்னுமிடத்தில் கிடைத்த பொற்கொல்லரின் உரைகல் ஒன்றில், அக்கல் யாருடையது என்பது தமிழில் எழுதப்பட்டிருந்தது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கம் கொள்வோர் பண்டங்களை ஆய்ந்து புலிப்பொறி இட்டதைப் பட்டினப்பாலை கூறும். பண்டத்தின்மேல் தன் மொழியை எழுதுவதும், பொன்னை உரைத்துப் பார்ப்பதும், அரசின் பொறியின்றிப் பண்டம் வெளிச்செல்ல விடாமையும் தமிழர்க்குப் பழகிய நெறிகள். கடல்கடந்த துறைமுகத்தில் பண்டத்தின்மேல் இருந்த தமிழ், இன்று சென்னைக் கடைத்தெருவில் பண்டத்தின்மேல் இல்லை. கடையின் பெயர்ப்பலகையில் தமிழ் வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி உண்டு. கடைக்குள் உள்ள பண்டத்தில் தமிழ் வேண்டும் என்று விதி இல்லை.

விதி செய்யும் உரிமை தமிழ்நாட்டுக்கு உண்டா எனின், இருந்ததையும் இழந்த கதையை அறிதல் நன்று. தரம் வரையறுத்தல் நீங்கலான எடையளவைகள் முன்னர் மாநிலப் பட்டியலில் இருந்தன. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல் செய்த 42ஆம் அரசியலமைப்புத் திருத்தம் கல்வியையும் காட்டையும் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுசென்றதைப் பலர் அறிவர். எடையளவையும் அதே மூட்டையில் சென்றதை அறிந்தோர் சிலரே. அடுத்த ஆண்டே பொதியிட்ட பண்டங்களுக்கான விதிகள் தில்லியினின்று வந்தன. உணவுக் கலப்படமும் மருந்தும் நஞ்சும் முன்பே பொதுப்பட்டியலில் இருந்தன. பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி, தீங்கெனக் கண்ட ஒன்றை மாநில அரசு 60 நாள் தடுக்கலாம். மேலும் 30 நாள் நீட்டலாம். அதன்மேல் தில்லியின் முகத்தைப் பார்த்து நிற்றல் வேண்டும். தன் உழவனைக் கொல்லும் நஞ்சைத் தன் எல்லைக்குள் நிலையாக நிறுத்த உரிமையற்ற அரசுக்கு அரசென்று பெயர்!

ஆயினும் உள்ள உரிமையைக்கூடப் பயன்படுத்தாமல் இல்லாத உரிமைக்கு அழுதல் தகாது. பொதுப்பட்டியலிலுள்ள பொருள்பற்றி மாநிலச் சட்டமன்றம் சட்டம் செய்யலாம்; அது இந்தியச் சட்டத்தோடு முரணினும், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால் அம்மாநிலத்தில் அதுவே செல்லும் என்று அரசியலமைப்பின் 254ஆம் உறுப்புக் கூறுகின்றது. 2017இல் ஏறுதழுவலுக்காகத் தமிழ்நாடு செய்த சட்டத் திருத்தம் அவ்வாறே ஒப்புதல் பெற்றது. 2023இல் உச்ச வழக்குமன்றமும் அதனை ஏற்றது. காளைக்காகச் செய்ததைக் குழந்தைக்காகச் செய்ய இயலாதா? இங்கோ முரணுக்கும் இடம் குறைவு. வேறு மொழியையும் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை என்று இந்திய விதிகளே சொல்கின்றன. அன்றியும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கேட்டைத் தடுப்பதற்குப் போதிய பயன்முறையோ எச்சரிக்கையோ இல்லாத பொருளைச் செய்தவன் இழப்பீடு தரக் கடமைப்பட்டவன் என்கின்றது. வாங்குபவன் அறியாத மொழியில் எழுதிய எச்சரிக்கை ‘போதிய’ எச்சரிக்கையாகுமா? தமிழ்ப்பற்றுள்ள வழக்கறிஞர் ஒருவரேனும் இவ்வினாவை நுகர்வோர் மன்றத்தின்முன் வைத்தல் வேண்டும்.

தமிழறிஞர்க்கும் இங்கு ஒரு கடமை உண்டு. எச்சரிக்கைக்குரிய தமிழ், அகரமுதலியைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கும் தமிழாக இருத்தல் கூடாது. புலவர் மட்டும் பொருள் காணும் புதுச்சொல், ஆங்கிலத்தைப் போலவே கூலியாளைக் குருடாக்கும். தூய தமிழ் வேறு, புரியாத தமிழ் வேறு. ‘குடித்தால் சாவு’, ‘கையுறை இன்றித் தொடாதே’, ‘கண்ணில் பட்டால் நிறைய நீரால் கழுவு’, ‘நான்கு அகவைக்குக் கீழுள்ள குழந்தைக்குத் தராதே’ என்பன தூய தமிழே. எவர்க்கும் புரியும் தமிழே. இவற்றுக்கு ஆங்கிலக் கலப்பும் வேண்டா. வடமொழிக் கலப்பும் வேண்டா. தமிழில் அறிவியல் எழுத முடியாது என்போர்க்கு நூறு மேடைப்பேச்சால் சொல்லும் விடையைவிட, ஓர் உயிரைக் காத்த ஒரு வரித்தமிழ் வலிய விடையாகும்.

ஆகவே வேண்டப்படுவன இவை:

1. பொதியிட்ட பண்டங்களுக்கும் உணவுக்கும் உரிய இந்திய விதிகளில், விற்கப்படும் மாநிலத்தின் ஆட்சிமொழி கட்டாயம் ஆக்கப்படுதல் வேண்டும்.

2. அதுவரை காத்திராமல், மருந்து, பூச்சிக்கொல்லி, குழந்தையுணவு, வீட்டுத் துப்புரவு நீர்மங்கள், மின்கருவிகள், எரிவளிக் கருவிகள் ஆகியவற்றின் எச்சரிக்கையும் பயன்முறையும் பயன்காலமும் தமிழில் இருத்தல் வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்றுதல் வேண்டும்.

3. எழுத்தின் அளவு வரையறுக்கப்படுதல் வேண்டும். உயிர்க்காப்புச் செய்தி உள்தாளில் மட்டுமன்றிப் புட்டியின்மேலேயே இருத்தல் வேண்டும்.

4. மருந்தாலைகளை ஆயும் அலுவலரும் ஆய்வகங்களும் தேவைக்கேற்ப நிறைவு செய்யப்பட்டு, ஆய்வு முடிவுகள் தமிழில் மக்களுக்கு வெளியிடப்படுதல் வேண்டும்.

5. எச்சரிக்கைத் தொடர்களை மருத்துவரும் தமிழறிஞரும் சேர்ந்து வகுத்து, உழவரிடமும் தொழிலாளரிடமும் படித்துக்காட்டி, அவர்க்குப் புரிந்த பின்னரே அச்சேற்றுதல் வேண்டும்.

அரசுகள் தாமாக இவற்றைச் செய்துவிடும் என்று தமிழ்மக்கள் இருந்துவிடலாகாது. தயிருக்காக எழுந்த குரல் சில நாள்களில் தில்லியைத் திருத்தியது. அக்குரல் பெயரோடு நின்றுவிட்டமையால் விதி அப்படியே நிற்கின்றது. ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் வாங்கும் பொருளின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கட்டும், தமிழில்லையெனில் கடைக்காரரிடம் கேட்கட்டும், செய்தவனுக்கு எழுதட்டும், தமிழுள்ள பொருள் அருகிருந்தால் அதனையே வாங்கட்டும். தமிழ் மன்றங்கள் ஊர்தோறும் பூச்சிக்கொல்லிக் கடைகளின் முன்னே நிறக்குறிகளின் பொருளைத் தமிழில் எழுதி ஒட்டட்டும். மொழிக்காவல் என்பது மேடையில் மட்டும் நிகழ்வதன்று. அடுக்களையிலும் வயல்வரப்பிலும் மருந்துக்கடையிலும் நிகழ்வது.

உறையின் முன்புறத்துத் தமிழ் வணிகனுக்குப் பயன்படும் தமிழ். பின்புறத்துத் தமிழே மக்களுக்குப் பயன்படும் தமிழ். அதனைப் பெறும் வரை போராட்டம் முடிந்ததாகாது.